ஒன்பது குழந்தைகளுக்கு என் குரல்

பகல் கனவு காண்கிற ஆளிடம் 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்கிற பொத்தானைக் கொடுக்கவே கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. அந்தப் பொத்தானை அழுத்திய ஆள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.சி.ஏ. முடித்துவிட்டு, வேங்கிக்கால் பக்கம் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளியில் டேப்லெட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தேன். மொத்தம் பதினான்கு டேப்புகள். ஒன்பது குழந்தைகளுக்கு, ஐந்து ஆசிரியர்களுக்கு. சார்ஜ் போடுவது, திரையில் காய்ந்த சாம்பாரைத் துடைப்பது, குழந்தைகள் கார்ட்டூன் பக்கம் ஓடிவிடாமல் பூட்டுப் போடுவது, அவ்வளவுதான் வேலை. ஆனால் என் மேஜையில் ஒரு லேப்டாப் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினான்கையும் பூட்டலாம், திறக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். (சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவனுக்கு இது எவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் என்று யோசித்துப் பாருங்கள்.) பெற்றோர்கள் என்னை 'டேப் சார்' என்றார்கள். தெருவில் யாரோ யாரையோ 'சார்' என்று கூப்பிட்டால்கூட நான் திரும்பிப் பார்த்தேன்.

மேஜைக்கு எதிரே ஜன்னல், ஜன்னல் முழுக்க அண்ணாமலை. மழைக்காலத்தில் உச்சியில் ஒரு மேகம் வந்து உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, பாதி மலையைக் காணாமல் அடித்துவிட்டு, மறுபடி மனசு மாறி மேலே ஏறும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்து மணி எப்போது பன்னிரண்டானது என்றே தெரியாது. எனக்குக் கொடுத்த சம்பளத்தில் பாதி மேகம் பார்த்ததற்குத்தான்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி நஸ்ரின். ஒன்பது வயது. பேச்சு வராது. அவளுடைய டேப்பில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். தண்ணீர்ச் செம்பைத் தொட்டால் 'தண்ணி வேணும்' என்று டேப் பேசும். அந்தப் படங்கள் எல்லாம் அவள் வீட்டுப் பொருள்கள். குரல் அவள் அம்மா ஷமீம் அக்காவுடையது. தேரடி வீதிப் பக்கம் வளையல் கடை வைத்திருந்த ஷமீம் அக்கா, ஒரு வருஷமாக ஒவ்வொரு வார்த்தையாகப் பேசிப் பதிந்து கொடுத்திருந்தார். நஸ்ரினுக்கு அதுதான் வாய். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மண்டையில் ஏறாத விஷயங்கள் அந்த வயதில் நிறைய இருந்தன.

ஒரு பௌர்ணமி நாளில், மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி பள்ளியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. எனக்கு ஒரே கவலை: பதினான்கு டேப்பும் பதினான்கு மாதிரி இருந்தன. ஒன்றில் பூனைப் படம், ஒன்றில் லாரிப் படம், ஒன்றில் யாருடைய கட்டைவிரலோ. எல்லாவற்றிலும் ஒரே நீல நிறம் வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

மூத்த ஆசிரியை கல்பனா மேடம் அப்போதே சொன்னார்.

"சார், டேப்பை ஒண்ணும் நோண்டாதீங்க. பசங்க பழகினது அப்படியே இருக்கட்டும்."

"சும்மா ஒரு பாலிஷ் போட்டுத் தர்றேன் மேடம்" என்றேன். என்னமோ பீரோ செய்கிற ஆசாரி மாதிரி.

பௌர்ணமியன்று காலை ஒன்பது மணி. எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. மேகம் அன்றைக்கு மலையின் இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. உச்சி மட்டும் தனியாக வானத்தில் மிதந்தது. அதைப் பார்த்தபடி லேப்டாப்பைத் திறந்தேன். கனவில் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். 'இவ்வளவு ஒழுங்கான டேப்புகளை என் சர்வீஸில் பார்த்ததில்லை' என்று அவர் குரல் தழுதழுத்தது. நான் அடக்கத்தோடு சிரித்தேன். அதே சிரிப்போடு பதினான்கையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'ஆரம்ப நிலைக்குத் திருப்பு' என்பதை அழுத்தினேன். படம் மட்டும் மாறும் என்று நினைப்பு. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. வாழ்க்கையில் எதிலும் நான் அவ்வளவு நிச்சயமாக இருந்ததில்லை.

அலமாரியிலிருந்த டேப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெள்ளை வெளிச்சத்தோடு விழித்து, 'வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்றன. பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. அது என்ன அழகு என்பது புரிய அரை நிமிஷம் ஆனது.

கல்பனா மேடம் தன் டேப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

"இன்னா சார் இது? என் டேப்பு என்னையே யாருன்னு கேக்குது!"

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருந்தேன். எல்லாக் குழந்தைகளின் படங்களும் குரல்களும் பத்திரமாக ஒரே இடத்தில் இருந்தன. அந்த இடம், கல்பனா மேடத்தின் டேப்.

ஷமீம் அக்காவுக்குப் போன் போட்டேன். நடந்ததை முழுசாகச் சொல்ல தைரியம் வரவில்லை. "கொஞ்சம் வந்து நாலு வார்த்தை பேசிப் பதிஞ்சு தரணும்க்கா" என்றேன்.

"இன்னைக்கு பௌர்ணமி சார், கடையில கூட்டம் ஜாஸ்தி. சாயங்காலம் வரைக்கும் நகர முடியாது."

அதிகாரி வர ஒன்றரை மணி நேரம். ஆசிரியர்கள் ஆளுக்கொரு டேப்பைச் சரிசெய்து கொண்டிருந்தார்கள். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அடைத்த மூக்கோடு நாற்பது வார்த்தைகளை நானே பேசிப் பதிந்தேன். படங்களுக்கு, மறுபடி இறக்கிய பேசும் ஆப்பில் ஏற்கெனவே இருந்த பொம்மைகள். நேரமில்லை என்று அதை ஒன்பது டேப்புக்கும் ஒரே அழுத்தில் அனுப்பினேன். (ஆம், மறுபடியும் அதே பொத்தான். பட்டும் திருந்தாத ஜென்மம்.)

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஐந்து வயதுக் குழந்தை டேப்பைத் தொட்டது.

"தான் ஒரு பொண்ணு" என்றது என் குரல். 'நான்' என்றுதான் நான் சொல்லியிருந்தேன். மூக்கு விடவில்லை.

அதைக் கேட்டு மற்றவர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒன்பது திசையிலிருந்தும் நான் பேச ஆரம்பித்தேன். எனக்குப் பசித்தது, வயிறு வலித்தது, ஊஞ்சல் வேண்டியிருந்தது, பாத்ரூம் வந்தது, எல்லாம் ஒரே சமயத்தில். அதிகாரி மெல்லத் திரும்பினார்.

"யாருங்க இது பேசுறது?"

"தான்தான் சார்" என்றேன். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், தப்பித்துவிட்டேன் என்ற நினைப்பில்.

அப்போதுதான் நஸ்ரின் 'அம்மா' படத்தைத் தொட்டாள். அங்கே ஷமீம் அக்காவின் முகம் இல்லை. வாணலியில் எதையோ கிளறும் ஒரு வெள்ளைக்காரப் பெண் பொம்மை இருந்தது. அது என் குரலில் "அம்மா" என்றது. நஸ்ரின் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு டேப்பைக் குப்புறக் கவிழ்த்துத் தள்ளி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அதை அவள் தொடவே இல்லை. அதிகாரி போனதும் கதவோரம் போய் நின்றாள். ஏதோ வேண்டும். தண்ணீர் கொடுத்தார்கள், தள்ளிவிட்டாள். பாத்ரூமுக்கு அழைத்தார்கள், வரவில்லை. பிஸ்கட், பொம்மை, செருப்பு, எதுவும் இல்லை. கடைசியில் தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அழுதாள். என்ன கேட்டாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவளுக்கு வாயைக் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நாலு மணிக்கு கல்பனா மேடமும் நானும் நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். கிரிவலக் கூட்டத்தால் ஆட்டோவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்தோம். வெறுங்காலோடு ஆயிரக்கணக்கான பேர் தூக்கத்தில் நடப்பதுபோல எங்களுக்கு எதிரே வந்தார்கள். கற்பூரப் புகையும் ஈர மண் வாசனையும் கலந்து வந்தது. நடுவில் நான் டேப்பை மார்போடு அணைத்தபடி போனேன்.

கடையில் ஷமீம் அக்கா ஒரு பெண்ணின் கையில் வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாமே பூடுச்சா சார்?"

"போயிடுச்சுக்கா. என் தப்புதான்."

"நான் 'அம்மா'ன்னு சொன்னது? அதுகூடவா?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. வளையலை முழுசாக ஏற்றி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க, மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

ஒரு வாடிக்கையாளருக்கும் இன்னொருவருக்கும் நடுவே பேசினார். "தண்ணி வேணும்" என்கிறபோது பின்னால் வளையல்கள் குலுங்கின. "பசிக்குது" என்கிறபோது தெருவில் யாரோ "அண்ணாமலைக்கு அரோகரா" என்றார். மறுபடி பதியலாமா என்றேன். "இருக்கட்டும், அவ கேக்குற சத்தம்தானே" என்றார் ஷமீம் அக்கா. வாணலிப் பொம்மையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே படம் பிடித்து வைத்தேன். முதலில் அந்த 'அம்மா'வைத் தொட்ட நஸ்ரின், டேப்பைக் காதோடு வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இறக்கவே இல்லை. கிழக்கே நிலா கிளம்பியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது, ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன்.

என் குரலை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். கடைசியாக ஒன்று பாக்கி: 'வேணாம்'. அதை அழிக்கப் போனபோது நஸ்ரின் என் கையைப் பிடித்துத் தள்ளினாள். அதைத் தொட்டாள். மூக்கடைத்த தடித்த குரலில் "வேடாம்" என்றேன் நான், டேப்புக்குள்ளிருந்து. கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த ரெண்டு பேர் சட்டென்று வாயை மூடினார்கள். நஸ்ரின் அவர்களைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. அம்மாவோடு கடையில் இருக்கிறாள். யாராவது ரொம்ப நச்சரித்தால் ஒரே ஒரு தட்டு. கூட்டம் அடங்கிவிடுகிறது. என் மனைவி இந்தக் கதையை ஷமீம் அக்காவிடமே கேட்டுவிட்டாள். வீட்டில் நான் எதையாவது வேண்டாம் என்றால், "நஸ்ரின் சொல்லட்டும், அப்ப கேக்குறேன்" என்கிறாள்.

இதுவரை அவளுக்கு மூன்று டேப்புகள் மாறிவிட்டன. ஒவ்வொரு தடவையும் நானே போய், வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றிக் கொடுக்கிறேன். போன மாதமும் போனேன்.

"நஸ்ரின், இப்ப எனக்கு சளியே இல்லம்மா. அந்த ஒண்ணை மட்டும் நல்ல குரல்ல புதுசா பதிஞ்சு தரட்டா?"

நிதானமாக யோசித்தாள். பிறகு விரலை நீட்டி, எனக்கு என் குரலிலேயே பதில் சொன்னாள்.