பஞ்சர் கடைத் தீர்ப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் மூன்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. இந்த வயதுக்குள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆனால் பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை இருக்கிற அத்தனை கம்பெனிகளையும் ஒற்றை ஆளாகத் தரைமட்டமாக்கிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பெயர் தீர்ப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருக்கும், யாரும் கேட்டதில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியின் கேட்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தார். காற்றடிக்கும் மெஷின் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, மடியில் வேதப் புத்தகம். இஸ்ரவேல் ஜனங்களை வதைத்த நாடுகளுக்குப் பழைய தீர்க்கதரிசிகள் சொன்ன தீர்ப்பெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நாடுகள் கடலுக்கு அப்பால் எங்கேயோ இருந்தவை என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். எல்லாம் இந்த ரோட்டிலேயே இருப்பதாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடம் தீரு. அது கப்பல் வியாபாரத்தில் கொழுத்த ஊராம். எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்டிராக்டர் ஏதோம். ஏன் என்று கேட்டேன். ஏதோம் இஸ்ரவேலுக்கு அண்ணன் வழியாம். ரத்த சொந்தமாக இருந்துகொண்டே, இவர்கள் விழுந்த நாளில் நின்று சிரித்தவனாம். காண்டிராக்டரும் எங்கள் ஊர்ப் பையன்தான், சின்ன வயதில் என் கையால் சோறு தின்றவன். அதனால் அந்தப் பெயரை நானும் ஒப்புக்கொண்டேன்.

பக்கத்து டீக்கடைக்காரர் அம்மோன். ஒரு நாள் காற்றில் பஞ்சர் கடையின் தகரம் பறந்தபோது அவர் கைதட்டிச் சிரித்துவிட்டார். அம்மோன் ஜனமும் இப்படித்தான் கைதட்டினார்களாம். தீர்ப்பு எழுந்தார். டயர் கழற்றும் கம்பியை நீட்டி, அந்த இடத்தில் ஒட்டகம் வந்து படுக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பென்னலூரில் ஒட்டகமா? ரோடே சிரித்தது. நாலு மாதம் போயிற்று. குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற வடநாட்டுக்காரர் ஒருவர், வெயில் தாங்காமல் தன் ஒட்டகத்தை டீக்கடைப் பந்தலில் கட்டினார். அது நிதானமாகக் காலை மடக்கிப் படுத்தது. டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ண்ணா, இன்னும் இன்னா சொல்லிக்கீது? மொத்தமா சொல்லிடு."

"ஆடும் வரும்."

அன்றிலிருந்து இரண்டு வேளை டீ தானாக வந்தது.

இருப்பதிலேயே பெரிய தீர்ப்பு எங்கள் கம்பெனிக்கு. அது பாபிலோன், இஸ்ரவேலைச் சிறைபிடித்துக்கொண்டு போன ஊராம். கேட் எரியுமாம், உள்ளே நரி குடியிருக்குமாம். நாங்கள் பதினொரு பெண்கள் அந்தக் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினோம். என் வீட்டுக்காரர் காலமாகியிருந்தார். தங்கையின் கடைசிப் பெண் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை நம்பித்தான் அவள் படிப்பு. "பாபிலோன மட்டும் வுட்டுடுண்ணா, நாங்க சோறு துன்ற எடம்" என்று கெஞ்சுவேன். நானா சொல்கிறேன், எழுதியிருக்கிறது என்பார்.

கார்த்திகை முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் காண்டிராக்டர் வந்து நின்றார். வெளியூரிலிருந்து சின்னப் பெண்களைக் கொண்டுவரப் போகிறாராம். நாங்கள் நாளையிலிருந்து வர வேண்டாம், உள்ளே போகக் கொடுத்திருந்த கார்டைச் சாயங்காலம் கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். கார்டை வாங்கியதும் நம் முகத்துக்கு நேரேயே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே போக வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு, போலீஸ் சீட்டு என்று எல்லாம் முதலிலிருந்து.

பெண்கள் நேராகப் பஞ்சர் கடைக்குப் போனார்கள். "உன் வாய் முகூர்த்தம்தான்யா" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் மத்தியானம் முழுவதும் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தார். பஞ்சரான வண்டிகள் வரிசையில் நின்றன. சாயங்காலம் நாங்கள் கார்டோடு கேட்டுக்குக் கிளம்பியபோது கூப்பிட்டார்.

"தப்பு என்னுது தங்கச்சி. எடத்த மாத்திப் பாத்துட்டேன். நீங்க உள்ள கீற எடம் எப்புடி பாபிலோன் ஆவும்? அது எருசலேம்."

அதனால் என்ன வந்தது என்று கேட்டோம். எருசலேம் இஸ்ரவேலின் சொந்த ஊராம். அதற்கும் தீர்ப்பு உண்டாம், அதுவும் விழுமாம். ஆனால் அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் திரும்பி வருவார்களாம். எதிரி ஊரை வளைத்து நின்ற சமயத்திலேயே ஒரு தீர்க்கதரிசி அங்கே நிலம் வாங்கி, பத்திரத்தை மண்பானையில் போட்டு மூடி வைத்தாராம். திரும்பி வருகிறவர்களுக்கு வேண்டுமே என்று.

"கார்ட கேட்ல குடுக்காதீங்க. எங்கிட்ட குடுங்க."

ஏன் கொடுத்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. லாரி ட்யூபில் ஒரு முழம் வெட்டி, பதினொரு கார்டையும் உள்ளே தள்ளி, இரண்டு வாயையும் சொல்யூஷன் தடவி ஒட்டினார். தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வந்தது. பிரித்து மறுபடி ஒட்டினார். அந்தத் தீர்க்கதரிசிகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார். பிறகு பானை, பிறகு குழி.

மறுநாள் காண்டிராக்டர் பைக்கில் வந்து கார்டு எங்கே என்று அதட்டினார். "பூமிக்குள்ள கீது" என்றார் தீர்ப்பு. காண்டிராக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், ஏதோம் சிரித்த மாதிரியே. திரும்பிப் போக வண்டியை எடுத்தால் பின் டயரில் காற்றில்லை. பஞ்சர் கடை அந்த ஒன்றுதான். தீர்ப்பு உட்கார்ந்து ஆணியைப் பிடுங்கினார், ஒட்டினார், கேட்காமலே முன் டயருக்கும் காற்றடித்தார். ஏதோமுக்கு எதற்கு இந்தக் கவனிப்பு என்று கேட்டேவிட்டேன்.

"தீர்ப்ப மேல கீறவரு பாத்துப்பாரு. பஞ்சர நான்தான பாக்கணும்?"

பொங்கல் வந்தது. ஊருக்குப் போன சின்னப் பெண்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இரண்டு ஷிப்டுக்குச் சமைக்க வேண்டும், காய் நறுக்க ஆளில்லை. புது ஆளுக்குக் கார்டு வர ஒரு மாதம் ஆகும். எங்கள் கார்டு கைக்கு வராததால் கேட் நோட்டில் எங்கள் பெயரை அடிக்காமலே விட்டிருந்தார்கள். காண்டிராக்டர் என் வாசலில் வந்து நின்று, "பெரிம்மா, நாளிக்கி காலைல வந்துடறீங்களா? கார்டு பத்திரமா கீதா?" என்றார்.

பத்திரமாகத்தான் இருந்தது. எங்கே என்பதுதான் தீர்ப்புக்கு மறந்துவிட்டது. நடுவில் பஞ்சாயத்தார் குழாய் பதித்து, கடையில் இருந்ததையெல்லாம் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். நாலு குழி வெட்டியும் பானை இல்லை. ஐந்தாவதற்கு டீக்கடைக்காரர் கடப்பாறையோடு வந்தார். காண்டிராக்டர் வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டு மண் அள்ளினார். அம்மோன் தோண்ட, ஏதோம் அள்ள, இஸ்ரவேல் ஜனமாகிய நாங்கள் பதினொரு பேரும் டீ குடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலேயே இருந்தது பானை. ட்யூபை வெட்டினால் ஒரு கார்டிலும் பொட்டு ஈரமில்லை.

மறுநாள் காலை நாங்கள் கேட்டுக்குள் போகும்போது அவர் எழுந்து நின்று விரலை நீட்டி எண்ணினார். கடைசியாகப் போனவள் நான். "பதினொன்னு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கேட்டைப் பார்த்து அதற்குப் பிறகு அவர் தீர்ப்புச் சொன்னதே இல்லை.

தங்கை மகள் படித்து முடித்து நர்ஸ் ஆனாள். நானும் வேலையை விட்டேன். ரோட்டை அகலப்படுத்தியபோது பஞ்சர் கடை போயிற்று. தீர்ப்பு வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று அந்தப் பானையை என்னிடம் கொடுத்து, திரும்பவும் தேவைப்படும், வைத்துக்கொள் என்றார். என் அடுப்படியில் புளி, மிளகாய், உப்பு என்று ஏதாவது ஒன்று இல்லாத பாத்திரம் கிடையாது. அந்தப் பானையில் மட்டும் நான் எதையும் போட்டதில்லை.

நான் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டாயா கண்ணு? எங்கே, முதலிலிருந்து படி. அவர் பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி. வாலாஜாபாத் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை.