காய்ந்த ஓடை வழியாக மலையேறிய விவரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே யாவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். செய்கிறதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவள்தானே நீ.

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனது நான், என் மகள், மாப்பிள்ளை, கீழ்வீட்டுத் தையல்காரர், இந்த நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் வரவில்லை. இதை மனதில் வை, கடைசியில் வருகிறேன்.

மாடி வீட்டில் நான் தனியாக இருப்பது என் முழங்காலுக்கு ஆகாது என்று யாரோ என் மகள் காதில் ஓதிவிட்டார்கள். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு அவள் வீட்டுப் பின்னறைக்கு வரவேண்டுமாம். அங்கே உடைந்த சைக்கிள், ஓடாத மின்விசிறி, அடுத்து நானாம். "படியென்னடி படி, மலையே ஏறுவேன்" என்று சொல்லிவிட்டேன். "யார் கையையும் பிடிக்காம ஏறி இறங்கிக் காட்டு, அப்புறம் நான் வாயே திறக்கல" என்றாள்.

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? "பாதையில கூட்டமா இருக்கும் அத்தை. மழையில்லாம ஓடை காஞ்சு கெடக்கு. அதுக்குள்ளயே நடந்தா நேரா உச்சிதான், வழி தவறவே தவறாது" என்றார். வெயில் மண்டையைப் பிளக்க, கூழாங்கல்லில் வழுக்கி வழுக்கி, தையல்காரர் புலம்பிக்கொண்டே வர, மத்தியானம் வரை நடந்தோம், வழி தவறவேயில்லை, நேரே போய் ஒரு பாறைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றோம். அருவி! தண்ணீர் இல்லாத அருவி! தண்ணீர் மேலேயிருந்து குதித்து வருமே, நாம் குதித்து ஏற முடியுமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"திரும்பிடலாம்மா" என்றாள் மகள். திரும்பினால் பின்னறை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரத்து வேரைப் பிடித்தேன்.

"கையைக் குடும்மா!"

"தொட்டே, தெரியும் சேதி!"

ஏறிவிட்டேன். மற்ற இருவரும் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளைதான் பாதியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு "அத்தை, அத்தை" என்கிறார். தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைத் தொங்கவிட்டார். "எனக்கென்ன சட்டையா தைக்கப் போறீங்க?" என்று அந்த நிலையிலும் மாப்பிள்ளைக்குக் கோபம். உட்கார விரிக்கலாமென்று நான் கொண்டுபோன பழைய சேலையை இறக்கி, மூன்று பேருமாக அவரை இழுத்துப் போட்டோம்.

இறங்கும்போது எல்லாரும் போகிற பாதையில் என் காலாலேயே இறங்கினேன். மாடிப்படியும் ஏறிக் கதவைத் திறந்ததும், "சரிம்மா, நீ இங்கேயே இரு" என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. கேட்டால் தூசியாம்.

மாப்பிள்ளையை மன்னித்தேன், பாவம், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. குடிதண்ணீரில் பாதியைக் காலி பண்ணின தையல்காரரையும் மன்னித்தேன். மகள் பயத்தில் செய்தது, அதுவும் போகட்டும்.

உன் பேரன் பேத்திகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது. உன் கல்யாணத்தில் எனக்கு மட்டும் கால் ஆடுகிற நாற்காலி போட்டாயே, அதையே நான் மறக்கவில்லை. முழங்கால் வலியை நான் சொன்னது உன் ஒருத்தியிடம்தான். வராத அந்த ஐந்தாவது ஆளை, தங்கச்சி, உன்னை, நான் மன்னிக்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மலையிலிருந்து வந்தது முதல் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. படி இறங்க முடியவில்லை. இதைத் தபாலில் போடக்கூடத் தையல்காரர்தான் போகிறார். முன்னறையில் உனக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன், உடனே புறப்பட்டு வா. இந்தத் தடவையாவது என் மகளிடம் மூச்சு விடாதே.