சும்மா இருக்கும் புழு

கார் ஷெட் யாருக்கு என்ற கேள்விக்கு இந்த வாரமே முடிவு கட்டிவிடுவது என்று டெல்பர்ட் ஸ்கிரக்ஸ் தீர்மானித்தார். அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

கார் ஷெட் என்பது பேருக்குத்தான். அதற்குள் கார் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. நடுவில் இருபத்தோரு அடிப் படகு. சுற்றிலும் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பொய்யிரைகள். மரத்தில் செய்த குட்டி மீன், தகடு சுழலும் பூச்சி, ரப்பர் தவளை, ஈயத் தலை வைத்த இறால், வாலாட்டும் பல்லி என்று நாலாயிரத்துச் சொச்சம். எல்லாம் ஏரியிலுள்ள பாஸ் மீனை ஏமாற்றுவதற்காக வாங்கியவை. அவற்றில் மீன் ஏமாந்தது ஒரு பத்துப் பதினைந்தில் இருக்கும். மீதி அத்தனையிலும் ஏமாந்தவர் டெல்பர்ட்தான்.

இரண்டு மாதம் முன்பு அவர் மனைவி ஒலீட்டாவுக்கு ஒரு மெஷின் வந்தது. துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிற மெஷின். பன்னிரண்டு அடி நீளம். அதை வைக்க வேறு இடமில்லாததால் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். சாப்பாட்டு மேஜை வராந்தாவுக்குப் போனது. தம்பதிகள் சோபாவில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஒலீட்டா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வப்போது ஷெட் வாசலில் போய் நிற்பாள். உள்ளே பார்ப்பாள். திரும்பி வந்துவிடுவாள்.

இப்படி எட்டு வாரம். மனுஷன் எத்தனை நாள் தாங்குவார்? ஒரு நாள் சாயங்காலம் காராமணியும் சோள ரொட்டியும் மடியில் இருக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"ஒலீட்டா, அந்த மெஷினைப் பத்திப் பேசணும்."

"பேசு."

"அது ஷெட்டுக்குப் போகணும்னு நீ நினைக்கிறே."

"நான் சொன்னேனா?"

"சொல்லல. நினைக்கிறே."

"காராமணி இன்னும் கொஞ்சம் போடவா?"

"பேச்சை மாத்தாதே. நாளை மறுநாள் சனிக்கிழமை. ரெண்டு பேரும் ஏரிக்குப் போவோம். விடியக்காலையிலேர்ந்து பன்னிரண்டு மணி வரைக்கும். யாரு கனமான மீன் பிடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நீ ஜெயிச்சா ஷெட்டுல பாதி உனக்கு. நான் ஜெயிச்சா மெஷின் உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடணும்."

ஒலீட்டா ரொட்டியை விண்டு வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.

"எனக்கு மீன் பிடிக்காதே டெல்பர்ட்."

"மீன் பிடிக்கிறதுக்கு மீன் பிடிக்கணும்னு அவசியமில்ல."

"அதுவும் சரிதான். உனக்கு மீன்னா ரொம்பப் பிடிக்கும். மீனுக்குத்தான் உன்னைப் பிடிக்கல."

"வர்றியா, இல்லையா?"

"தூண்டிலைப் பிடிக்கக்கூடத் தெரியாது எனக்கு."

"நான் கத்துத் தரேன்."

"நீயா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. வரேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். ஆண்டிக்காவது ஊதத் தெரிந்திருக்கும். டெல்பர்ட் அன்றைக்குப் படு திருப்தியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு லாமரிடம் வேலி ஓரம் நின்று திட்டத்தைச் சொன்னார். லாமர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் யார் வீட்டில் என்ன என்பதும், ஏரியில் எந்தக் கட்டைக்கு அடியில் எந்த மீன் என்பதும் அவருக்கு மனப்பாடம்.

"நாளைக்கு அவளுக்கு எதைக் குடுக்கப் போறேன் தெரியுமா? சும்மாப் புழு."

லாமர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "யோவ், பாவம்யா."

"பாவம் பார்த்தா ஷெட்டு போயிடும்."

"இத்தனை வருஷத்துல உனக்கே அது வரலியே."

"அதனாலதான் குடுக்கறேன்."

சும்மாப் புழு என்பது விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் புழு. ஈயம் கிடையாது, தகடு கிடையாது, மினுமினுப்பு கிடையாது. இடுப்பில் கொக்கியைக் குத்தித் தண்ணீரில் போடவேண்டும். போட்டபின் சும்மா இருக்கவேண்டும். அவ்வளவுதான் வித்தை. புழு தானாக, இரண்டு முனையும் லேசாக நடுங்க, மெல்ல இறங்கும். தூண்டில் நரம்பு தொய்வாகக் கிடக்க வேண்டும். மீன் வந்து கவ்வினால் வெடுக்கென்று தெரியாது. தொய்ந்து கிடக்கிற நரம்பு ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகரும். அதைக் கண்டுகொண்டு, பதறாமல், நிதானமாகத் தூக்கவேண்டும். ஏரிக்கரையில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் "பூ, இவ்வளவுதானா" என்பார்கள். செய்து பார்த்தவர்கள் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

டெல்பர்ட் பதினோரு வருஷமாகச் செய்து பார்க்கிறார். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் அசைவது என்று ஒவ்வொரு தடவையும் சபதம் செய்வார். நாலு எண்ணும்போது மணிக்கட்டு அரிக்கும். ஆறில் தூண்டில் ஆடும். ஏழில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்திருப்பார். நரம்பு ஏதாவது அசைந்துவிட்டாலோ, புல் வெட்டும் எந்திரத்தைக் கிளப்பக் கயிற்றை இழுப்பதுபோல் இழுப்பார். அப்படி இழுத்ததில் இதுவரை மாட்டியவை: எட்டு மரக்கட்டை, ஒரு படகுத்துறைப் பலகை, லாமரின் தொப்பி. இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் இருக்கக் கூடியவர்தான். கையில் தூண்டில் வந்துவிட்டால் மட்டும் அந்தத் திறமை எங்கோ ஓடிப்போய்விடும்.

"ஒலீட்டாம்மாவுக்குப் பொறுமை ஜாஸ்தின்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் லாமர்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன்னைக் கட்டிக்கிட்டு இருபத்தாறு வருஷம் ஓடிடுச்சே, அதை வெச்சுச் சொல்றேன்."

டெல்பர்ட் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மீனை எடை போட மத்தியானம் துறைக்குத் தராசோடு வரச்சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

சனிக்கிழமை வெளுக்கும்போது படகு தண்ணீரில் இருந்தது. டெல்பர்ட் முன்பக்கம் ஏறி, மோட்டார் மிதியில் ஒரு காலை வைத்து, பக்கத்தில் ஆறு தூண்டில்களை அடுக்கிக்கொண்டு நின்றார். ஒலீட்டா பின்பக்கம் உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு தூண்டில், ஒரு தையல் பை.

"அது எதுக்கு?"

"தேவாலயத்து ஏலத்துக்குக் குடுக்கற போர்வை. நட்சத்திரத்துல இன்னும் நாலு முனை தைக்கணும்."

"தாராளமா தை." டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இந்தா, இதுதான் உன் புழு. தூக்கி அந்தச் சாய்ஞ்ச மரத்துக்கிட்டப் போடு. அப்புறம் சும்மா இரு."

"எவ்வளவு நேரம்?"

"அது தானா அடியில போய்ச் சேர்ற வரைக்கும். ஆட்டக்கூடாது. இழுக்கக்கூடாது. ஒண்ணுமே செய்யக்கூடாது."

"அவ்வளவுதானா?"

"எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க."

ஒலீட்டா வீசினாள். புழு மரத்துக்குப் போகாமல் இந்தப் பக்கம் பாதியிலேயே விழுந்தது. அவள் தூண்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, நரம்பை இடது ஆள்காட்டி விரல்மேல் போட்டுக்கொண்டு, ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். டெல்பர்ட் மனசுக்குள் மெஷினை மச்சினி வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டார்.

அவர் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கினார். ஆழம் முங்கும் மரமீனைப் போட்டார். வரவில்லை. நிறம் மாற்றினார். தர்பூசணிப் பச்சையில் வரவில்லை என்றால் பூசணிப் பச்சையில் வரும் என்பது அவர் கட்சி. இரண்டுக்கும் வித்தியாசம் அவருக்கும் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும், அந்தக் கடைக்காரரே ஒரு தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். தவளையைக் குதிக்க விட்டார். தகட்டைச் சுழற்றினார். ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பது தடவை வீசியதில் ஒரு சின்ன மீன் மாட்டியது, தோள்பட்டை இறங்கியது.

"டெல்பர்ட், ஏதோ நூலை இழுக்குது."

"கட்டையா இருக்கும்."

"கட்டை நகருமா?"

"சில கட்டை நகரும்."

ஒலீட்டா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, தையலில் முடிச்சு விழாமல் நூலை எடுப்பதுபோல மெதுவாகத் தூண்டிலைத் தூக்கினாள். கட்டை தண்ணீருக்கு மேலே துள்ளியது. இரண்டு பவுண்டுக்குக் குறையாது.

"அதிர்ஷ்டம்" என்றார் டெல்பர்ட்.

"ஆமா" என்றாள் ஒலீட்டா. மீனைப் படகுத் தொட்டியில் விட்டுவிட்டு, புழுவை மறுபடி போட்டு, ஊசியை எடுத்தாள்.

ஒன்பது மணிக்கு இன்னொன்று வந்தது. உள்ளதைச் சொன்னால் டெல்பர்ட் பயந்துபோய்விட்டார். இருபது வருஷம் ஒவ்வொரு பொய்யிரையாகப் பார்த்துப் பார்த்து மாட்டிய ஷெட் சுவர் அது. மனசு சரியில்லாத நாளில் அங்கே போய் நின்று, ஒரு தவளையை எடுத்து நீவிவிட்டு வைத்தால் போதும், ஆறிவிடும். அந்த இடத்தில் பூப்போட்ட துணியை நினைத்துப் பார்க்கவே அவருக்கு முடியவில்லை. சும்மா இருக்கிறவளைக் கெடுக்க ஒரே வழி, அவளை ஏதாவது செய்ய வைப்பது.

"ஒலீட்டா, இப்பக் கொஞ்சம் ஆட்டிப் பாரு. வெயில் ஏறிட்டா ஆட்டணும்."

"சும்மா இருக்கச் சொன்னே."

"அது காலையில."

"மடிப்புல இருக்கேன். இரு."

"மீன் போயிடும்."

"போனா போகட்டும். இந்த முனை கோணிடும்."

அவர் பேசிப் பார்த்தார், விசில் அடித்துப் பார்த்தார், மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். கடைசியில் மானத்தை விட்டு ஒரு சும்மாப் புழுவைத் தானும் கட்டினார். வீசினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நாலு என்னும்போது நரம்பு அசைந்தது. உண்மையிலேயே அசைந்தது. டெல்பர்ட் இழுத்த இழுப்பில் புழு மீனின் வாயிலிருந்து கழன்று, காற்றில் பறந்து வந்து, அவர் இடது காதில் அறைந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் ஒலீட்டா, தலை நிமிராமல்.

"ஒண்ணுமில்ல."

பதினொன்றரை மணிக்கு அவள் விரல்மேல் கிடந்த நரம்பு ஒரு மயிரிழை நகர்ந்தது. இந்தத் தடவை மேலே வர ஐந்து நிமிஷம் பிடித்தது. வந்ததைப் பார்த்து டெல்பர்ட் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். அப்படி ஒரு பாஸ் அவர் படகில் ஏறியதே இல்லை.

துறையில் லாமர் தராசோடு காத்திருந்தார். ஒலீட்டாவின் மீன் ஐந்து பவுண்டு பதினோரு அவுன்ஸ். டெல்பர்ட்டின் மீன் ஒரு பவுண்டு இரண்டு அவுன்ஸ். அதுவும் தராசிலிருந்து கையை எடு என்று லாமர் சொன்னபிறகு இறங்கி நின்ற எடை. மீன்களைத் தண்ணீரில் விட்டார்கள். ஒலீட்டா துறைப் பலகையில் உட்கார்ந்து நட்சத்திரத்தின் கடைசி முனையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"காத்து அவ பக்கமா அடிச்சுது" என்றார் டெல்பர்ட் லாமரிடம்.

ஒலீட்டா நூலை இழுத்துவிட்டாள்.

"சரி, பேச்சுன்னா பேச்சுதான். பாதி ஷெட்டு உனக்கு. இடது பக்கம் எடுத்துக்க."

ஊசி உள்ளே போய் வெளியே வந்தது.

"இடது பக்கம் இருட்டு, தெரியும். ஊசி கோக்கறவளுக்கு வெளிச்சம் வேணும். ஜன்னல் இருக்கற வலது பக்கமே எடுத்துக்க."

ஒலீட்டா தையலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கோணவில்லை. தொடர்ந்தாள்.

"என்ன பாக்கறே? மெஷின் பன்னிரண்டு அடி. படகு பக்கத்துல இருந்தா சுத்தி வரவே இடமிருக்காதுன்னு சொல்றே. அதானே? நியாயம்தான். சரி, படகை வெளியே நிறுத்திடறேன்."

லாமர் தொண்டையைக் கனைத்தார். டெல்பர்ட் கவனிக்கவில்லை. அவருக்கு வேர்த்துக்கொட்டியது.

"படகே வெளியே போனப்புறம் சுவர்ல அதெல்லாம் எதுக்குன்னுதானே கேக்கறே? கழட்டிடறேன், ஒலீட்டா. மூணு சுவரும். உன் துணியெல்லாம் அடுக்கறதுக்குப் பலகை அடிச்சுத் தரேன். பெயின்ட்டும் நானே அடிச்சுடறேன். என்ன கலர் வேணும்?"

லாமர் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"யோவ், போதும்யா. அந்தம்மா இன்னும் வாயே தொறக்கல."

டெல்பர்ட் வாயை மூடினார். ஒலீட்டா முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, துணியை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"படகு மூடத் தார்ப்பாய் வண்டி சீட்டுக்குப் பின்னால இருக்கு டெல்பர்ட். இருபத்தோரு அடி. புதன்கிழமையே வாங்கிட்டேன்."

டெல்பர்ட் பந்தயம் கட்டியது வியாழக்கிழமை.