முப்பத்தொரு நிபந்தனையும் ஒரு நாயும்

"இந்த வீட்டுக்குள் நாய் நுழையாது. நுழைந்தால் நான் வெளியேறுவேன்." இப்படி ஒரு சபதத்தை ஒரு சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் என் மனைவிக்கு அது கேட்கவில்லை. கேட்டிருந்தால், "சரி, போகும்போது சாவியை வெச்சிட்டுப் போங்க" என்றிருப்பாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. வீடு அநியாயத்துக்கு அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கடிகாரம் எங்களுக்கு மணி சொல்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, நான் சமாளித்துக்கொள்வேன். பாவம், என் மனைவிதான் தவித்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அதனால்தான் அன்று காலை எழுந்ததும், "நாய்க் காப்பகத்துல இருந்து ஒரு நாயை எடுத்து வளர்க்கலாமாங்க?" என்று கேட்டாள்.

'கூடாது' என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் வீட்டுக்குள் உபயோகித்ததே இல்லை. திடீரென்று ஆரம்பித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். பூட்டுத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர். ஒவ்வொரு பூட்டையும் இழுத்து, ஆட்டி, தட்டி, முப்பத்தொரு சோதனை செய்வேன். ஒன்றில் தவறினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். இந்தத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. எதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நிபந்தனை போட்டால் போதும்.

சாயங்காலத்துக்குள் நாய்க்கு முப்பத்தொரு நிபந்தனை எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"குரைக்கக் கூடாது. திருடன் வந்தா மட்டும் குரைக்கணும். திருடன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது அதோட பொறுப்பு."

"முடி உதிரக் கூடாதா? இதுல நீங்களே தேறமாட்டீங்களே."

"என்னை ஏன் இழுக்கிற?"

"குறட்டை விடக் கூடாது. சோபாவில ஏறக் கூடாது. கூப்பிட்ட உடனே வரணும்." காகிதத்தை மடித்தாள். "இப்படி ஒரு லிஸ்ட்டை எங்க அப்பா கையில யாராவது அன்னிக்கே கொடுத்திருந்தா, நான் இன்னும் அவர் வீட்லதான் இருந்திருப்பேன்."

"அப்ப, நாய் வேண்டாமா?" என்றேன் ஆசையாக.

"யார் சொன்னா? லிஸ்ட்டு நல்லா இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, போய்ப் பார்ப்போம். நீங்க பார்த்து சரின்னு சொன்னாத்தான் எடுக்கிறது."

அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். ஊசியைப் பார்த்து வாசல் வரை ஓடினவனைக்கூட, "சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். அப்படி உட்கார்ந்த யாரும் எல்லாப் பல்லோடும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

காப்பகம் என்பது நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் கம்பி அடைப்புகள். பினாயில் வாசனையும் ஈர ரோம வாசனையும் கலந்து மூக்கைத் துளைத்தன. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி சாவிக்கொத்தோடு வந்தார். காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். என் மனைவி வாசலருகே தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே நின்றுவிட்டாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்களே பாருங்க, எனக்கு என்ன தெரியும்?" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகக் கிடைத்த மரியாதை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

முதல் நாய் என் சட்டைப் பையிலிருந்த லிஸ்ட்டையே கவ்வப் பார்த்தது. தள்ளுபடி. இரண்டாவது, என்னைத் திருடன் என்று முடிவு கட்டிக் குரைத்தது. தள்ளுபடி. மூன்றாவது தூங்கி எழவே இல்லை. வேலை ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

நாலாவது அடைப்பில் ஒரு நாய் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, குட்டைக் கால், நீள உடம்பு. வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

"இது என்ன வகைம்மா?"

"கலப்பு சார். இவன் அம்மாவைப் பார்த்திருக்கேன், குட்டையா இருக்கும். அப்பாவைப் பார்த்ததில்ல. ஆனா வாலைப் பார்த்தா பெரிய இடம்னு தெரியுது."

"பேரு?"

"மேனேஜர். ஒரு வேலையும் செய்யமாட்டான், நாங்க செய்யறதை உட்கார்ந்து பார்த்துட்டே இருப்பான்."

எனக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். பழக்கப்பட்ட ஆள் என்ற தைரியத்தில் உள்ளே போய் அதன் தலைக்கு மேலே கையை நீட்டினேன். அது பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"மேல இருந்து கையைக் கொண்டுபோகாதீங்க சார், அடிக்க வர்றீங்கன்னு நினைச்சுக்கும். முகத்துக்கு நேரா முறைக்கவும் கூடாது. பக்கவாட்டுல உட்காருங்க. அவனா வரட்டும்."

"தரையிலயா?"

"அவன் நாற்காலியில உட்கார்றதில்லையே."

உட்கார்ந்தேன். பாதியில் முழங்கால் சடசடத்தது. லிஸ்ட்டை எடுத்துப் பிரித்தேன். நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண்மணி தன் நோட்டைப் பிரித்தார்.

"முன்ன நாய் வளர்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"தினமும் நடப்பீங்களா?"

"வீட்டுக்குள்ள நடப்பேன்."

"கோபம் வருமா?"

"வீட்ல வராது."

"ஏன்?"

நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தேன். "சரி, புரிஞ்சுது" என்று எழுதிக்கொண்டார். பிறகு நோட்டை மூடினார்.

"மன்னிச்சுக்குங்க சார். இவனை உங்களுக்குத் தர முடியாது."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். இவனை ஏற்கெனவே ரெண்டு வீட்ல எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. ஒருத்தர் முடி உதிருதுன்னார், இன்னொருத்தர் சோபாவில ஏறுதுன்னார். போன தடவை விட்டுட்டுப் போனப்ப நாலு நாள் சாப்பிடல. அந்த கேட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான். மூணாவது தடவை நடந்தா இவன் தாங்கமாட்டான். நீங்க வேற லிஸ்ட்டோட வந்திருக்கீங்க."

முடி உதிர்வது என் லிஸ்ட்டில் ஏழாவது. சோபா பதினொன்று. நான் தள்ளிய பூட்டுகள் எல்லாம் உலைக்குப் போய் உருகி, அடுத்த வாரம் புதுப் பூட்டாக வந்துவிடும். தள்ளப்பட்ட நாய் அப்படியே நாயாக உட்கார்ந்திருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த நேரம் பார்த்து என் முழங்காலில் ஏதோ பாரமாக இருந்தது. மேனேஜர் எப்போது வந்தானோ, தாடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நடப்பேன்மா" என்றேன்.

"காலையிலயும் சாயங்காலமும் நடக்கணும்."

"ரெண்டு வேளையும் நடப்பேன்."

"முடி உதிரும்."

"எனக்கும்தான் உதிருது."

"குறட்டை விடுவான்."

"எங்க வீட்ல பழக்கம்தான்."

"கூப்பிட்டா வரமாட்டான். அவனுக்கா தோணினாத்தான் வருவான்."

"அப்ப நான் போறேன். யாராவது ஒருத்தர் போனா சரிதானே? கொஞ்சம் மனசு வைங்கம்மா." இத்தனையும் தரையில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டே சொன்னேன். சம்பள உயர்வுக்குக்கூட நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

அவர் பெருமூச்சு விட்டு அலுவலக அறைக்குப் போனார். திரும்பி வந்து ஒரு படிவத்தையும் பேனாவையும் கொடுத்தார். படிவம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. என் பெயர், என் முகவரி, என் ரத்த அழுத்தம் உட்பட. எழுத்து என் மனைவியுடையது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தினது.

"மூணு வாரமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்தாங்க சார். ஒவ்வொரு நாயைப் பத்தியும் கேட்டுக் கேட்டு, கடைசியில இவன்தான் உங்களுக்கு ஒத்துவருவான்னாங்க. 'நீங்க தரமாட்டேன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை அவரே பார்த்துப்பார்'னாங்க."

"ரெண்டு வீட்டுக் கதையும் பொய்யா?"

"அது நிஜம் சார்" என்றார் அவர், மெல்ல.

நாய் எதற்காக என்ற கட்டத்தைப் படித்தேன். 'மகள் ஊருக்குப் போனதிலிருந்து என் கணவர் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் வழக்கமாக வந்து இறங்கும் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறார். தனியாகத் திரும்பி வருகிறார். கூட நடக்க ஒரு துணை வேண்டும்.'

அதற்குக் கீழே எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன், அப்போதும் தெரியவில்லை. துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல. அப்படியே கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

வாடகைக் காரில் நானும் மேனேஜரும் பின்னால். என் மனைவி முன்னால், டிரைவர் பக்கத்தில். மேனேஜர் என் மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாகப் படுத்துக்கொண்டான்.

"உனக்கு நாய் இவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றேன்.

"எனக்கா? நாய்னாலே எனக்குச் சின்ன வயசுல இருந்து உயிர் போற பயம்ங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தக் கொட்டகையில், அத்தனை நாய்க்கு நடுவில் இவள் நின்றிருக்கிறாள். முன்சீட்டுக்கு எட்டி அவள் தோளைத் தொட்டேன். அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். சிறிது தூரம் அப்படியே போனோம்.

பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப இவனை யார் குளிப்பாட்டுறது? யார் சுத்தம் பண்றது? விடிகாலை அஞ்சு மணிக்கு யார் வெளியில கூட்டிட்டுப் போறது?"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "அதெல்லாம் அடுத்த கட்டத்துல விவரமா எழுதியிருந்தேனே, படிச்சுப் பார்த்துதானே கையெழுத்துப் போட்டீங்க?"