ஒன்பது நாள் ஸ்பெயின் மன்னர்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் இருந்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் விசா கவலை; ஒருவருக்கு மட்டும் சிம்மாசனக் கவலை. அவரை 'ராஜா' என்றே கூப்பிடுவோம். ஆபீஸ் நேரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வார். மற்ற நேரத்தில் ஸ்பெயினின் மன்னர்.

எந்தக் காலத்திலோ கப்பல் உடைந்து தூத்துக்குடியில் கரை ஒதுங்கிய ஸ்பெயின் இளவரசர் ஒருவர், அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டாராம். அவருடைய நேர் வாரிசு இவர். ஆதாரம் கேட்டால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூக்கைக் காட்டுவார்.

"இப்ப அங்க அரண்மனையில இருக்கறவர் மேல எனக்குக் கோபமே கிடையாது. பாவம், அவருக்கு விஷயம் தெரியாது" என்பார்.

கோபமெல்லாம் டெக்ஸாஸில் சுகர் லேண்ட் என்ற ஊரில் இருந்த பெரியப்பா மகன் மேல்தான். மூத்த வழி என்பதால் ஸ்பெயின் தனக்கே என்று அவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டார். அதிலிருந்து ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இதற்கிடையில் ராஜா சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தார். ஊரில் தனியாக இருந்த அம்மாவை கிரீன் கார்டில் அழைத்துவர வேறு வழியில்லை. விண்ணப்பத்தில், பரம்பரைப் பட்டம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. ஊர் உலகமெல்லாம் யோசிக்காமல் 'இல்லை' போடும் இடத்தில் இவர் 'உண்டு' என்று டிக் அடித்தார்.

இன்டர்வியூவில் ஆபீசர் சிரிக்கவே இல்லை. உறுதிமொழி எடுக்கும்போது பட்டத்தைத் துறப்பதாக எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார். அந்த உறுதிமொழி விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

ராஜா என் வீட்டு சோபாவில் இடிந்துபோய் உட்கார்ந்தார். "நான் விட்டா டெக்ஸாஸ்காரர் எடுத்துக்குவார்."

"அவர்தான் ஏற்கெனவே சிட்டிசன் ஆச்சே. அந்தக் கேள்விக்கு அவர் என்ன போட்டாராம்?" என்றேன்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அண்ணனுக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"நோன்னுதாம்ல போட்டேன். எவனாவது எஸ்னு போடுவானா?" என்றது சுகர் லேண்ட்.

ராஜா போனை வைத்தார். "கேட்டீங்களா? தன் கையாலேயே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டார். இனிமே போட்டியே கிடையாது. ஸ்பெயின் என்னோடது."

அந்த ஒன்பது நாளும் அவர் நடையே வேறு. நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் யாருக்கும் பார்க்கிங் விட்டுக்கொடுக்கவில்லை.

விழாவுக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். மற்றவர்கள் எல்லோரும் சொன்னதற்கு மேல் இவர் மட்டும் ஒரு வரி கூடுதலாகப் படித்தார்: ஸ்பெயின் சிம்மாசனத்தின் மீது எனக்குள்ள உரிமையைத் துறக்கிறேன் என்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் இவர் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

வெளியே வந்ததும் ஊருக்கு போன் போட்டார். "எம்மா, எல்லாம் முடிஞ்சிட்டு. ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோ, இங்க குளிரும்." ஸ்பெயினைப் பற்றி மூச்சு விடவில்லை.

இல்லாத ஒரு ராஜ்யத்துக்காக எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.