அசையாத புருவமும் உறுமி மேளமும்

எங்கள் குடும்பம் என் புருவத்தை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது. போன இடத்தில் என் புருவம் உயர்ந்தால் “கிளம்பலாம்” என்று அர்த்தம். நெற்றி சுருங்கினால் “எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்”. என் வீட்டுக்காரர் யாரோடு பேசினாலும் கண் என் நெற்றியில்தான் இருக்கும். (இதைப் பாசம் என்று நினைத்துப் பெருமூச்சு விட்ட சொந்தக்காரர்களும் உண்டு.)

அந்த நெற்றிக்குத்தான் ஒற்றைத் தலைவலி வந்தது. மாதத்தில் பாதி நாள் இருட்டறையில் ஈரத்துணியோடு கிடப்பேன். மாத்திரை எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் ஜார்ஜ் டவுனில் ஒரு நரம்பு டாக்டர் ஊசி போடலாம் என்றார். கெட்டுப்போன டின் சாப்பாட்டில் வருமே ஒரு விஷம், அதையே துளியூண்டு எடுத்துச் செய்த மருந்தாம்.

“நரம்பு நுனியில இருந்து வலியைத் தூண்டுற ரசாயனம் வெளிய வரும். இந்த ஊசி அதைத் தடுத்துடும். மூளைக்கு வலிச் சேதி போறது குறையும்,” என்றார் டாக்டர். “அதே மாதிரி தசைக்கும் சேதி போகாது. கொஞ்ச மாசம் உங்க புருவம் அசையாம இருக்கலாம், பரவால்லையா?”

“வலி போனாப் போதும் டாக்டர். புருவத்தை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?” என்றேன், மகா புத்திசாலி மாதிரி.

நெற்றி, நெற்றிப்பொட்டு, பிடரி என்று வரிசையாகக் குத்தினார். வீட்டுக்காரர் அப்போது எதிர்க்கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அதனால் புருவ விஷயம் அவர் காதுக்கு வரவே இல்லை.

சில வாரம் கழித்து அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். எனக்கு அவர் அண்ணி. இருப்பது ஃபிளாட்டில். மகன் தினேஷ் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறான்.

“தம்பி, கீழ் வீட்டுக்காரங்க கம்ப்ளேன் பண்ணிட்டாங்க லா. தைப்பூசம் வரைக்கும் உங்க வீட்டுப் போர்ச்சுல பிள்ளைங்க அடிச்சுப் பழகட்டுமா?” என்றார் அண்ணி.

உறுமியா! என் தலைக்குப் பக்கத்திலா! இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி நெற்றியைச் சுருக்கினேன். வீட்டுக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“தாராளமா வரட்டும்க்கா! விமலாவுக்கே சந்தோஷம்தான், முகத்தைப் பாருங்க!”

காரிலேயே சண்டை ஆரம்பித்தது. “நான் மொறைச்சேன்ல?”

“எங்க மொறைச்ச? கோயில் சிலை மாதிரி சாந்தமால்ல இருந்த!”

கார்க் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். கோபம் வாயில் மட்டும் இருந்தது. கண்ணுக்கு மேலே யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள்.

மறுவாரம் அண்ணி தலைமையில் மொத்தக் குழுவும் வந்து இறங்கியது. முதல் அடி விழுந்ததும் இடது நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார்கள். அப்போதும் வரவில்லை. எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா, பெற்ற மகளின் பாட்டுப்போட்டி உட்பட, இந்தத் தலையால் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன்! சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணீர் கொட்டியது, உடம்பு நடுங்கியது. நெற்றி மட்டும் அசையவில்லை.

உறுமிச் சத்தம், நடுக்கம், கண்ணீர், அதற்கு நடுவே சலனமே இல்லாத ஒரு முகம். நம்மவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அண்ணி விபூதித் தட்டோடு ஓடிவந்தார்.

“தாயே, வந்திருக்கறது யாரு? என்ன வேணும், சொல்லும்மா!”

மேளம் நின்றது. பிள்ளைகள் எல்லாரும் கைகூப்பினார்கள். ‘ஐயோ அண்ணி, நான் விமலாதான், தலை வலிக்கலன்னு அழுறேன்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது இதுதான்:

“எட்டு மணிக்கு மேல அடிக்கக் கூடாது!”

“உத்தரவு தாயே!” என்று அண்ணி என் அசையாத நெற்றி முழுக்க விபூதியை அப்பினார். பின்னால் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் போர்ச்சுத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உண்மையை அன்றே சொல்லிவிட்டோம். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அண்ணிதான். மருந்தின் வேகம் குறையும்போது வலி இன்னும் எட்டிப்பார்க்கும். மறுபடி ஊசிக்கு நாள் வந்தால், என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதும் இப்போது அண்ணிதான்.

தைப்பூசம் முடிந்தும் குழு எங்கள் போர்ச்சை விட்டுப் போகவில்லை. போகச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. எட்டு மணி நெருங்கினால் தினேஷ் கையைத் தூக்கிவிடுவான்.

“நிறுத்துங்கடா! ஊசியம்மா உத்தரவு!”