இருநூற்று ஐம்பத்தாறு நிறத்தில் ஒரு மலை

அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் போட்டவர்கள் உண்டு. நிறத்துக்கு ரேஷன் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருவண்ணாமலையில் இருந்தார். செங்கம் சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நாற்பது வயதுக்காரர். சொந்தப் பெயர் பலகையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் 'கலர் ரேஷன்'.

தொண்ணூறுகளின் கடைசி. சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அளக்க ஒன்றுமில்லாமல் தெருவில் போகிற ஆட்டோக்களை எண்ணிக்கொண்டிருந்த நான், கம்ப்யூட்டர் கற்க அங்கே போனேன். முதல் நாளே மனிதரைப் பிடித்துப்போயிற்று. அவரும் எண்ணுகிறவர். அவருடைய திரை ஒரே நேரத்தில் இருநூற்று ஐம்பத்தாறு நிறம்தான் காட்டும். எத்தனை விண்டோ திறந்தாலும் அதற்குள்தான் பங்கு.

"பின்னாடி ரோஜாப்பூ படம் எதுக்கும்மா வெச்ச?" என்று டைப்பிங் பழக வந்த பெண்ணைக் கேட்பார். "அது ஒண்ணே தொண்ணூறு கலர் தின்னுது. லெட்டர் அடிக்க கருப்பு வெள்ளை போதும்."

"அழகா இருக்குது சார்."

"அழகு ஜாஸ்தி, மீதி கம்மி. எடும்மா."

திரை மூலையில் ஓடிய கடிகாரத்தையும் மூடிவிட்டார். முள்ளுக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று என மூன்று நிறம் வீணாம். மணி தெரிய வேண்டுமானால் எதிர்க் கடையில் கேட்டு வரச் சொல்வார்.

பங்கு போதாத விண்டோ தனக்கென்று தனி நிறப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு வில்லங்கம். மவுஸ் அம்பு அதற்குள் இருக்கும்வரைதான் நிறம் சரியாக இருக்கும். அம்பு வெளியே நகர்ந்தால் எல்லாம் தாறுமாறு. ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் குழந்தையின் போட்டோவைத் திறந்தார். அம்பு நகர்ந்தது. குழந்தை பச்சையாகிவிட்டது. அவர் பதறி எழ, கலர் ரேஷன் நிதானமாக அம்பை உள்ளே தள்ளி, "பேபி ஓகே" என்றார்.

அந்த வருடம் என் மனைவிக்கு முட்டி தேய்ந்தது. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவள். நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, மலை தெரிகிற மாடிக்குக்கூடப் போகவில்லை. சாப்பாடு அரை இட்லி, பேச்சு அதைவிடக் குறைவு. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதைக் கலர் ரேஷனிடம் சொன்னேன்.

"மலையோட உயரக் கணக்கு வெச்சிருக்கீங்களா சார்?"

"இடத்துக்கு இடம் வெச்சிருக்கேன்."

"கொண்டாங்க. வீட்டம்மாவுக்கு இங்கியே சுத்தி காட்டிடலாம்."

முப்பரிமாணப் படம் வரைந்து தரும் புரோகிராம் தொகுப்பு ஒன்று, லைப்ரரி என்பார், அவரிடம் இருந்தது. படத்தை வேகமாக வரைய உதவும் தனி கார்டுதான் மெஷினில் இல்லை. ஆகவே ஒரு படத்தை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை வரையும், நடுவில் இருட்டிவிடும். நான் அதை நினைத்துக் கவலைப்பட்டேன். அவர் நிறத்தை நினைத்துக் கவலைப்பட்டார். மற்ற விண்டோக்களை மூடி, இருநூற்று ஐம்பத்தாறையும் தனிப் பட்டியலாக மலைக்கே எழுதி வைத்தார். அவர் யாருக்கும் முழு ரேஷன் கொடுத்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பௌர்ணமியன்று மனைவியை ஆட்டோவில் அழைத்துப் போனேன். திரையில் மலை மெல்லத் திரும்பியது. அவள் புருவம் சுருங்கியது.

"ஏங்க, கோயில்கிட்ட கிளம்பினா அக்னி லிங்கம் பக்கம்தானே மொதல்ல வரணும்? ஈசான்யம் பக்கம் வருதே. இடமா சுத்துது."

"இல்லம்மா, மலைய வலமாதான் சுத்த விட்டிருக்கேன்," என்றார் கலர் ரேஷன்.

"மலை வலமா சுத்தினா, நின்னு பார்க்கிற நான் இடமா போறேன் தம்பி."

அவர் டீ கிளாஸை ஸ்டூலில் வைத்துத் திருகிப் பார்த்தார். பிறகு கிளாஸைச் சும்மா விட்டுவிட்டுத் தானே ஸ்டூலைச் சுற்றி வந்தார்.

"அம்மா சொல்றது கரெக்ட். இந்த ஊர்ல பொறந்துட்டு, மலைய சுத்த விட்டேன் பாருங்க," என்று உட்கார்ந்து, புரோகிராமில் சுற்றும் கோணத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டார்.

இந்த முறை அக்னி லிங்கத்துப் பக்கம் வந்தது. மனைவி கைகூப்பினாள். மலை சற்றுத் திரும்பும், இருளும், மறுபடி தோன்றும்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இந்த மெஷின் இவ்ளோதான் செய்யும். விட்டு விட்டுதான் வரும்."

"இருக்கட்டும் தம்பி. நானும் நின்னு நின்னுதான் நடப்பேன்," என்று சிரித்தாள்.

அவள் சுற்றி முடிக்கும்வரை அம்பு வெளியே நகர்ந்து மலை நிறம் மாறிவிடக் கூடாதென்று, அவர் மவுசை மேசையிலிருந்து எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். கன்னத்தில் கொசு வந்து உட்கார்ந்தது. கையை எடுக்கவில்லை. நான்தான் அடித்தேன், சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும்.

"தேங்க்ஸ் சார்," என்றார், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்கு வந்து அவள் நான்கு இட்லி சாப்பிட்டாள். தேங்க்ஸ் சொல்ல வேண்டியவன் நான்.